ஊசிப்போன பெட்ரோல்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. இந்த பைக்குக்குப் பக்கத்துல போட்டிருக்கேனேன்னு நினைக்காதீங்க. இந்த வீட்டுல எங்க உட்கார்ந்தாலும் வண்டிக்குப் பக்கத்துலதான்.

வாசம் வருதுல்ல? வருது. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே உங்க மூக்கு சுருங்கினதைப் பார்த்தேன். மரியாதைக்காக நீங்க ஒண்ணும் சொல்லல. சொல்லலாம், தப்பில்ல. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க.

அப்பா உங்க அம்மாவையும் மாமாவையும் கூட்டிட்டு வர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கார். அம்மா காராச்சேவு வாங்கக் கடைக்குப் போயிருக்கா. நீங்க மட்டும் முந்தின பஸ்ஸுல தனியா வந்து நிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? அக்கா பக்கத்து வீட்டுல சேலை கட்டிட்டிருக்கா. எங்க வீட்டுல ஆள் உயரக் கண்ணாடி இல்ல. இருந்தது, பீரோவுல. அந்த பீரோ கல்யாணத்தப்போ அக்காகூட சீராப் போயிட்டு, அக்காகூடவே திரும்பி வந்தப்போ கண்ணாடி உடைஞ்சு வந்தது. ஆக இப்போதைக்கு நான் ஒருத்திதான். இசக்கி. கோமதியோட தங்கச்சி.

உங்களை அத்தான்னு கூப்பிடணும்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்கார். நான் கூப்பிட மாட்டேன். கோபிச்சுக்காதீங்க. ஏற்கெனவே ஒருத்தனை வாய் நிறைய அத்தான் அத்தான்னு கூப்பிட்டாச்சு. அவன் இப்போ திருப்பூர்ல வேற ஒரு வீட்டுல அத்தானா இருக்கான். அதனால உங்களுக்கு சார் போதும்.

அது என்ன மடியில? ஹெல்மெட்டா? துணிப்பை உருண்டையா இருக்கே. பஸ்ல வந்த ஆளுக்கு எதுக்கு சார் ஹெல்மெட்? சரி சரி, சொல்ல வேண்டாம். புரிஞ்சது. வண்டி வேண்டாம்னு தரகர்கிட்ட சொன்னீங்களாம். அப்பா அன்னைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பூரிச்சுக்கிட்டிருந்தார். நான் பூரிக்கல. வேண்டாம் வேண்டாம்னு சொல்றவங்கதான் காபி குடிச்சு முடிச்சதும், ஆர்.சி. யார் பேர்ல இருக்குன்னு கேட்பாங்க. நீங்க ஒருபடி மேல. ஹெல்மெட்டோடயே வந்துட்டீங்க.

பாருங்க சார், நல்லாப் பாருங்க. ஏன் வாசலையே பார்த்துட்டிருக்கீங்க? வண்டி இந்தப் பக்கம். பெயிண்ட்ல ஒரு கீறல் கிடையாது. மீட்டர்ல ஓடின கிலோமீட்டர் ஒரு பொடிப்பையன் சைக்கிள் ஓட்டின அளவுக்குக்கூட இருக்காது. டயர்ல ரோமம் மாதிரி இருக்குமே, அதுகூட உதிரல. அதுதான் எங்க அப்பாவோட பெருமை. அதுதான் எங்க வீட்டோட வியாதியும்.

அவங்க எல்லாரும் வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். நான் பொய் சொல்ல மாட்டேன். படிப்பை நிறுத்தினவ, வாய் ஜாஸ்தின்னு உங்ககிட்ட தரகர் சொல்லியிருப்பாரே. அது உண்மைதான்.

இது அக்கா கல்யாணத்துக்குச் சீரா கொடுத்த வண்டி. அவனுக்குன்னு அப்பா வாங்கினது. அப்பா பூ மார்க்கெட்ல எடை போடுற வேலை பார்க்கிறவர். காலம் பூரா பிச்சிப்பூவையும் மல்லியையும் நிறுத்துப் போட்டவர், தனக்குன்னு ஒரு சைக்கிளுக்கு மேல வாங்கினதில்ல. அவன் கொஞ்ச நாள் ஓட்டினான். அப்புறம் வேலைக்குன்னு திருப்பூர் போனான். வண்டியை வீட்டுல விட்டுட்டுப் போனான், அக்காவையும் விட்டுட்டுப் போனான். போனவன் அங்கே வேற குடும்பம் வச்சுட்டான்னு தெரிஞ்சதும் ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உட்கார்ந்து பேசி அத்து விட்டாங்க. சீர் சாமான் அத்தனையும் திரும்பி வந்தது. குட்டியானை லோடு வண்டியில கட்டில், பீரோ, பானை, குடம், கிரைண்டர். பின்னாலயே இந்த வண்டியை அவனோட தம்பி ஓட்டிட்டு வந்தான்.

எல்லாம் இறக்கி முடிச்சதும் அவனோட அப்பா இருக்காரே, அவர் என்ன பண்ணினார் தெரியுமா? டேங்க் மூடியைத் திறந்து எங்க அப்பாவைக் குனிஞ்சு பார்க்கச் சொன்னார். "பாத்துக்கிடுங்க, வாய் வரைக்கும் பெட்ரோல் போட்டுத்தான் கொண்டாந்திருக்கோம். நாளைக்குக் குறையோட தந்தாங்கன்னு ஒரு சொல் வரக் கூடாது." இவரும் குனிஞ்சு பார்த்துட்டுத் தலையை ஆட்டினார். பக்கத்துல அக்கா நிக்கிறா. அவகிட்ட என்ன குறைஞ்சதுன்னு ரெண்டு பேர்ல ஒருத்தரும் பார்க்கல.

அன்னைக்கு நிறைச்ச பெட்ரோல் சார் இது. அன்னையில இருந்து இந்த வாசம்.

எங்க அப்பா கணக்கு எளிசு. அக்காவுக்கு மறுபடியும் ஒரு இடம் பார்க்கணும். மறுபடியும் ஒரு வண்டி வாங்க வழியில்ல. அதனால இந்த வண்டியைப் புதுசு மாதிரியே வச்சிருந்து அடுத்து வர்றவனுக்குக் கொடுத்திடணும். புதுசு மாதிரி இருக்கணும்னா மீட்டர் ஏறக் கூடாது. மீட்டர் ஏறக் கூடாதுன்னா ஓட்டக் கூடாது. வெயில்ல நின்னா பெயிண்ட் வெளுக்கும், மழையில நின்னா துரு ஏறும். அதனால வீட்டுக்குள்ள. முன்னறையில. சாமி படத்துக்குக் கீழ. மேல ஒரு போர்வை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டார், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம்கூட வச்சார். ஆனா ஸ்டார்ட் பண்ணல. எலுமிச்சம்பழம் நசுங்காம அப்படியே காய்ஞ்சு கிடந்தது.

ஓட்டாம வச்சா நல்லா இருக்கும்னு நினைச்ச ஒரே மனுஷன் உலகத்துலயே எங்க அப்பாவாத்தான் இருக்கும்.

புது பெட்ரோல் வாசம் எனக்குப் பிடிக்கும் சார். பங்க் பக்கம் போனா நின்னு மோந்துட்டுத்தான் வருவேன். இது அது இல்ல. இது ஊசிப்போனது. பழைய வார்னிஷைப் புளிக்க வச்ச மாதிரி இருக்கும். தொண்டையில போய் உட்காரும். நாங்க நாலு பேரும் படுக்கிறது இந்த அறையிலதான். தலையணையில அந்த வாசம். சோத்துல அந்த வாசம். கொடியில காயுற துணியில அந்த வாசம். அம்மா சாயங்காலம் மார்க்கெட்ல மிஞ்சின பிச்சிப்பூவை வாங்கி வண்டி மேல கொட்டி வைப்பா. காலையில பார்த்தா பூவுல பெட்ரோல் வாசம்.

நான் ஏன் படிப்பை நிறுத்தினேன்னு ஊர்ல ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க. உண்மை என்னன்னா, ப்ளஸ் ஒன்ல என் பக்கத்துல உட்கார்றவ ஒருநாள் என் தோளை மோந்து பார்த்துட்டு, "நீ ஸ்கூலுக்கு வாரியா, பங்க்ல வேலை முடிஞ்சு வாரியா"ன்னு கேட்டா. வகுப்பே சிரிச்சது. அன்னையில இருந்து என் பேர் பங்க். ஒருநாள் அவளை அடிச்சுட்டேன், கொஞ்சம் பலமாவே. அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அப்பா வந்து என்னையத் திட்டினார், அவங்களைக் கும்பிட்டார். எதுக்கு அடிச்சன்னு கேட்கல. மறுநாள் நான் போகல. யாரும் போன்னும் சொல்லல. இப்போ தேரடித் தெருவுல ஒரு துணிக்கடையில சேலை மடிச்சு வைக்கிறேன். அங்கே மோந்து பார்க்க ஆள் இல்ல.

அழுவேன்னு பார்க்காதீங்க. நான் அழுற ஆள் இல்ல. அந்த வேலைக்கு அக்கா இருக்கா.

முதல் இடம் புளியங்குடியில இருந்து வந்தது. அவங்க வர்ற அன்னைக்குக் காலையில அம்மா என்ன பண்ணினா தெரியுமா? வாசம் போகணும்னு சாம்பிராணி போட்டா. கரி கணகணன்னு இருக்கு, தூபக்காலை அப்படியே தூக்கிட்டு வந்து வண்டியைச் சுத்திக் காட்டுறா. டேங்க்குக்குக் கீழ ட்யூப்ல இருந்து சொட்டுச் சொட்டா வடியுது. நான் பாய்ஞ்சு போய் தூபக்காலைப் பிடுங்கி முற்றத்துல வீசினேன். கை வெந்து போச்சு. இந்தா, தழும்பு இருக்கு. அதுக்கு எனக்கு என்ன கிடைச்சதுங்கிறீங்க? நல்ல காரியத்துக்கு ஆள் வர்ற நேரத்துல தூபக்காலைத் தூக்கி எறியுறியான்னு ஒரு அறை.

வந்தாங்க. மாப்பிள்ளையோட பெரியம்மா முந்தானையை மூக்குல வச்சவங்க போற வரைக்கும் எடுக்கல. மாப்பிள்ளை அக்காவை ஒரு தடவை பார்த்தான். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தான். அப்புறம் ஏறி உட்கார்ந்து மிதிச்சான். மிதி மிதின்னு மிதிச்சான். அக்கா காபித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, அவன் மிதிச்சுக்கிட்டே இருக்கான். ஸ்டார்ட் ஆகல. இறங்கி, கையைத் தட்டிட்டு, "ரொம்ப நாளா கிடையில கிடக்குது போல"ன்னான். வண்டியைத்தான் சொன்னான். போயிட்டாங்க.

அப்பா என்கிட்ட வந்தார். "ஏட்டி, சும்மாதானே இருக்க. இந்த நாத்தத்துக்கு ஒரு வழி பண்ணு. உங்க அக்கா வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

நான் சும்மா இல்ல, துணிக்கடைக்குப் போயிட்டிருந்தேன். இருந்தாலும் செஞ்சேன். செய்யது அண்ணன்னு ஒரு மெக்கானிக், தெருமுனையில கடை. அவரைக் கூட்டிட்டு வந்தேன். மூடியைத் திறந்ததும் அவரே ரெண்டடி பின்னால போனார். டேங்கைக் கவிழ்த்தா கடுங்காப்பி நிறத்துல வருது. கார்புரேட்டரைக் கழட்டினா உள்ள பச்சையா, பிசினு மாதிரி உறைஞ்சு கிடக்கு. ட்யூப் பழைய ரப்பர் பேண்டு மாதிரி வெடிச்சிருக்கு. வடிஞ்சதை எல்லாம் சிமெண்ட் தரை குடிச்சு வச்சிருக்கு. சீட்டுக்குள்ள இருக்கிற பஞ்சும் குடிச்சு வச்சிருக்கு.

ட்யூபை மாத்தினார். புது பெட்ரோல் கொஞ்சம் ஊத்தி டேங்கைக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினார். வெளியில வெயில்ல மூடியைத் திறந்து போட்டோம். அப்பாவுக்கு மனசே இல்ல, பெயிண்ட் வெளுத்துடும்னு டேங்க் மேல ஈரத்துணியைப் போட்டுட்டு, பக்கத்துலயே குடையோட உட்கார்ந்திருந்தார். தரைக்கு நான். தவிட்டைப் பரப்பி ஊற வச்சு அள்ளினேன். அப்புறம் ஆப்ப சோடாவும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்ச்சேன். முழங்கால் தேய்ஞ்சு போச்சு. மூலைக்கு மூலை சிரட்டையில அடுப்புக்கரி வச்சேன். கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போட்டேன்.

போச்சு சார். உண்மையிலேயே போச்சு. அன்னைக்கு அம்மா ரசம் தாளிச்சா. அந்த வாசம் எனக்குத் தெரிஞ்சது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் எங்க வீட்டுல ரசம் ரசமா மணத்தது. நான் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா அதைப் பார்த்துட்டுச் சிரிச்சா. என் கையைப் பிடிச்சு மோந்து பார்த்து, "உன் கைதான்ட்டி இன்னும் நாறுது"ன்னா.

டேங்கில இருந்து எடுத்த அந்தப் பழசை வெள்ளைக் கேன்ல ஊத்தி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால வச்சோம். சாக்கடையில கொட்டக் கூடாதுன்னு செய்யது அண்ணன் சொல்லிட்டார். அவர் வந்து எடுத்துட்டுப் போறேன்னார். போகல. அந்தக் கேனை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

ரெண்டாவது சுரண்டையில இருந்து வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் வீடு மணக்குது. காலையில எழுந்திரிச்சா குப்புன்னு அடிக்குது. பழைய மாதிரியே. நான் செய்யது அண்ணன் கடையில போய் நடுத்தெருவுல நின்னு சண்டை போட்டேன். அவர் பாவம், வந்து மறுபடியும் எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தார். "எங்கயும் ஒழுகல பாப்பா. சத்தியமாச் சொல்றேன், இந்த வண்டியில இருந்து வரல"ன்னார். நான் நம்பல. சுரண்டைக்காரங்க சொல்லி அனுப்புறோம்னு போனாங்க. சொல்லி அனுப்பல.

மறுபடியும் சோடா, தவிடு, கரி. போச்சு. மூணாவது இடம் கடையம் ஊர்ல இருந்து. அந்த மாப்பிள்ளைக்கு என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயசு கம்மி. அவர் வர்ற அன்னைக்கு விடியுற நேரம் எனக்கு முழிப்பு வந்தது. பக்கத்துல அக்கா இல்ல. தலையைத் தூக்கிப் பார்த்தா, வண்டிக்குப் பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்திருக்கா. கையில கந்தல் துணி. கீழ அந்த வெள்ளைக் கேன். நனைச்சு நனைச்சு சீட்டுக்கு அடியில தேய்க்கிறா. பிறகு கொஞ்சம் தரையில, சக்கரத்துக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து.

நான் பார்த்ததை அவளும் பார்த்தா. பயப்படல.

"போய்ச் சொல்லணும்னா சொல்லு"ன்னா.

"ஏன்க்கா?"

"வாரவன் எல்லாம் முதல்ல வண்டியைப் பாக்கான். அப்புறம்தான் என்னையப் பாக்கான். வண்டி நாறுனா எழுந்திரிச்சுப் போயிருதான். அப்போ எதுக்கு வந்தான்னு தெரிஞ்சு போச்சுல்லா? கெட்டி முடிச்ச பிறகு தெரியிறதுக்கு இப்பமே தெரியட்டும். இந்த வீட்டுல என்னைய ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டீங்களாட்டி?"

நான் சொல்லல சார். யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. அக்காவுக்குக் கல்யாணமே வேண்டாம். அவ பேசினதுக்கு வேற என்ன அர்த்தம்? ஒருத்தன்கிட்ட பட்டது போதும். அதுக்குப் பிறகு எனக்கும் ஒரு யோசனை. இந்த வண்டியை வித்துட்டுத் தையல் மெஷின் வாங்கிடலாம். அவ தைப்பா, நான் துணிக்கடையில இருந்து ஆர்டர் பிடிச்சுட்டு வருவேன். ரெண்டு பேரும் இப்படியே இருந்துக்கலாம். அவ இல்லாம இந்த வீட்டுல எனக்கு வேற யார் இருக்கா? அவகிட்ட இன்னும் சொல்லல. நேரம் வரும்போது சொல்லிக்கலாம்.

கடையத்துக்காரரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போனார். இப்போ நீங்க.

உங்களைப் பத்தி விசாரிச்சுட்டேன். கயத்தாறுல பேக்கரிக்கு வேன் ஓட்டுறீங்க. சம்சாரம் தவறிட்டாங்க. குடிக்கிறதில்ல. கெட்டவர்னு யாரும் சொல்லல. ஆனா முதல் தடவை போன்ல பேசினப்பவே வண்டியைப் பத்தித்தான் பேசியிருக்கீங்க, இல்லையா? அக்கா மொட்டைமாடியில போனை வச்சுக்கிட்டு நிக்கிறா, நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால. "எனக்கு ஓட்டத் தெரியாதே"ங்கிறா. "ஐயோ, விழுந்துருவேன்"ங்கிறா. சிரிக்கிறா. நீங்க வண்டியைப் பத்திக் கேட்கப் போய்த்தானே அவ அப்படிச் சொன்னா? வண்டி யாராவது ஓட்டினதா, அடி பட்டதான்னு பூப்போல விசாரிச்சிருக்கீங்க. அவளும் வெகுளி, சிரிச்சுட்டே பதில் சொல்றா. பயந்தா சிரிக்கிறது அவ பழக்கம். கொஞ்ச நேரம் கழிச்சு "பச்சைதான் பிடிக்கும்"கிறா. "எந்தப் பச்சையா? கிளிப்பச்சை." பொண்ணு பார்க்க வரும்போது என்ன சேலை கட்டணும்னுகூட நீங்கதான் முடிவு பண்ணுவீங்க போல.

அதுக்குப் பிறகு தினமும் போன். தினமும் மாடி. இறங்கி வரும்போது முகம் எல்லாம் சிவந்திருக்கும். அழுதிருப்பா.

நேத்து ஒரு காரியம் பண்ணினா. துவைக்கிற கல்லுக்குப் பின்னால இருந்து அந்தக் கேனை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்து, "இதை செய்யது அண்ணன் கடையில கொண்டு கொடுத்துரு, இனிமே வேண்டாம்"ன்னா. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். இன்னைக்கு விடிஞ்சதும் அவளே வாளியை எடுத்துட்டு வந்து இந்த அறை முழுக்கக் கழுவினா. சோடா போட்டு, நான் தேய்ச்ச மாதிரியே மூலை மூலையாத் தேய்ச்சா. என்னமோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே தேய்ச்சா. பிறகு பெட்டியில இருந்து பச்சைச் சேலையைத் தானே எடுத்தா. அம்மா சொல்லல, தானே எடுத்தா.

ஒத்துக்கிட்டா சார். தோத்துப் போயிட்டா. அப்பா முகத்தைப் பார்த்து, அம்மா முகத்தைப் பார்த்து, இனிமே எதிர்க்கத் தெம்பில்லன்னு விட்டுட்டா. ஊத்துறதுக்குக்கூட மனசு இல்லாமப் போச்சு அவளுக்கு. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கல.

அதனால அந்தக் கேனை நான் கடையில கொடுக்கல. அவ பக்கத்து வீட்டுக்குச் சேலையோட போனதும் எடுத்துட்டு வந்தேன். சீட்டுக்கு அடியில, சக்கரத்துக்குப் பின்னால, இந்தா, உங்க நாற்காலிக்குக் கீழயும்தான்.

இன்னைக்கு ஊத்தினது நான் சார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? அவ செய்ய முடியாததை நான் செஞ்சேன். எங்க அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் இல்ல. எனக்கு இருக்கு. உங்களைப் பார்த்தா கெட்டவர் மாதிரி தெரியல, அதனால வாயைத் திறந்தே சொல்லிடுறேன். அக்காவுக்கு இது வேண்டாம். உங்களைப் பிடிக்கல. யாரையும் பிடிக்கல. அவங்க எல்லாரும் வந்து உட்கார்ந்து, காபி குடிச்சு, பூ வச்ச பிறகு சொன்னா அசிங்கமாப் போயிடும். இப்பவே போயிட்டீங்கன்னா உங்களுக்கும் மரியாதை.

என்ன? அவங்க அப்படிச் சொன்னாங்களான்னா கேட்கிறீங்க?

வாயால சொல்லணுமா சார்? ஒரே பாய்ல படுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?

இல்ல, கேட்கல. கேட்க வேண்டியதில்ல. உங்ககிட்ட அவ சிரிச்சுப் பேசினது எல்லாம் பயத்துல. சொன்னேன்ல? பயந்தா சிரிப்பா. நம்புங்க. நான் பொய் சொல்றவ இல்லன்னு ஊருக்கே தெரியும்.

ம். எழுந்திரிச்சுட்டீங்க. நல்லது. நிஜமாவே நல்ல மனுஷன்தான் நீங்க. கத்தல, நியாயம் பேசல. மத்தவங்க எல்லாம் போகும்போது வண்டியைப் பத்தி ஒரு குறை சொல்லிட்டுத்தான் போனாங்க. வலது பக்கம் போங்க, அந்தச் சந்து நேரா மெயின் ரோட்டுல ஏறும், அப்பா எதிர்ல வர மாட்டார். உங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க.

சார், பை. பையை விட்டுட்டுப் போறீங்க.

அவங்களுக்கு வாங்கினதா? எவங்களுக்கு?

சார்.

போயிட்டார்.

அக்கா, வா. ஏன் வாசல்லயே நிக்கிற, உள்ள வா. ஒண்ணுமில்ல, முடிஞ்சு போச்சு. அவர் முன்னாலயே வந்தார், நான் பேசி அனுப்பிட்டேன். நீ ஒண்ணும் பயப்படாதே. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், அடி விழுந்தா எனக்கு விழட்டும். ஆமா, வாசம்தான். நான்தான் ஊத்தினேன். உனக்காகத்தான்க்கா. நீ கழுவினதைப் பார்க்கவே எனக்குப் பாவமா இருந்தது.

அந்தப் பையா? அவர் விட்டுட்டுப் போனது. ஹெல்மெட்டுதான். வண்டியை ஓட்டிட்டுப் போகலாம்னு கொண்டு வந்திருக்கார்.

இரு, நான் எடுக்கிறேன்.

என்னக்கா இது, இவ்வளவு சின்னதா இருக்கு? இது அவர் தலைக்குப் பத்தாதே.

கிளிப்பச்சை.

அக்கா. ஏதாவது பேசுக்கா. திட்டவாவது செய். எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லவே இல்லையே. உன்னைய யாரும் கேட்கலன்னு நீதானே சொன்ன?

என்ன கேட்ட? அவர் வண்டியைப் பார்த்தாரான்னா?

இல்ல.

இவ்வளவு நேரமும் அதுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். நான் பாருங்க பாருங்கன்னு சொன்னேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல.